சோதனைப் பதிப்பை இறக்கியவர் எத்தனையாவது நாளில் வாங்குவார்?

மதுரை_பில்காரன் | 3 நவம்பர் 2025, இரவு 10.40

வணக்கம். ஹார்டுவேர் கடை, பெயின்ட் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றைத் தனியாளாக எழுதி விற்கிறேன். விண்டோஸில் ஓடும். விலை 7,500 ரூபாய், ஒரே தடவை. எழுதியவன், விற்பவன், ஃபோன் எடுப்பவன், திட்டு வாங்குபவன் எல்லாம் நானே.

இணையதளத்திலிருந்து சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். 15 நாள் ஓடும், அப்புறம் பூட்டிக்கொள்ளும். முன்பு 30 நாள் கொடுத்தேன். இந்த ஏப்ரலில்தான் 15 ஆக்கினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஊருக்குப் போயிருந்ததால் ஆற அமர உட்கார்ந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கும் கணக்குப் பார்த்தேன். மாதத்துக்கு ஏறத்தாழ 60 பேர் இறக்குகிறார்கள். மொத்தம் 41 பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் 24 பேர் சோதனை ஓட்டிவிட்டு வாங்கியவர்கள், 17 பேர் சோதனை எதுவும் பார்க்காமல் நேரடியாக வாங்கியவர்கள்.

அந்த 24 பேரில் 9 பேர் இறக்கிய அன்றோ மறுநாளோ பணம் கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து பதினோராம் நாள்வரை 4 பேர்தான். 12 முதல் 18 வரை 11 பேர். 18-ம் நாளுக்கு அப்புறம் ஒரு ஈ காக்கை இல்லை. சராசரி 8 நாள்.

இதிலிருந்து எனக்குத் தோன்றியது: வாங்குகிறவன் எட்டு நாளில் வாங்கிவிடுகிறான், மற்றவன் வேடிக்கை பார்க்க வந்தவன். அதனால் சோதனைக் காலத்தை 7 நாளாக்கிவிடலாமா? 18 நாள் தாண்டியவர்களுக்கு ஃபோன் போடுவதையும் நிறுத்திவிடலாமா? (ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போகிறது.)

இன்னொன்றும் உண்டு. ஜூலையில் முதல் தடவையாக 18,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்தேன். அந்த மாதம் 71 பேர் இறக்கினார்கள். ஜூலை 31 அன்று பார்த்தால் அதில் இரண்டே பேர் வாங்கியிருந்தார்கள். 15,000 வந்தது, 18,000 போனது. விளம்பரத்தை நிறுத்திவிட்டேன். சரிதானே?

---

அண்ணாநகர்_ஷேர்வேர் | 4 நவம்பர், காலை 6.15

தம்பி, 7 நாளாக்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

நான் படங்களின் அளவை மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றை 2009-லிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு குவியல்கள், அதாவது முதல் நாள் ஒன்றும் பூட்டு விழும் நாளையொட்டி ஒன்றும், என்னிடமும் உண்டு. நான் பேசிப் பார்த்த ஆட்கள் எல்லாரிடமும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு. முதல் நாளில் வாங்குபவர் சோதிக்கவே இல்லை. வீடு பற்றி எரியும்போது வாளி தேடுகிறவர் அவர், கிடைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இரண்டாவது குவியலை உண்டாக்கியது நீங்கள். பூட்டை 15-ம் நாளில் வைத்தீர்கள், அதனால் 15-ஐச் சுற்றிக் கூட்டம் நின்றது. நான் 30 நாள் கொடுத்தபோது 30-ஐச் சுற்றி நின்றது. 21 ஆக்கினேன், 21-க்கு நகர்ந்தது. ஆக அந்த 8 நாள் சராசரி என்பது வாடிக்கையாளரின் குணமில்லை. பாதி உங்கள் பூட்டின் குணம், பாதி எரிகிற வீட்டின் குணம். எட்டாம் நாளில் உண்மையாக வாங்கியவர் யாராவது இருக்கிறாரா, பாருங்கள்.

இன்னொன்று, இறக்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள். இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வாரக்கணக்கில் தூங்கும். திறந்தால் விண்டோஸ் ஒரு நீல எச்சரிக்கை காட்டும், அதைப் பார்த்து மூடிவிட்டுப் போகிறவர் எத்தனையோ பேர். (மென்பொருள் யாருடையது என்று விண்டோஸுக்குக் காட்டும் டிஜிட்டல் கையொப்பம் வாங்கிவிட்டீர்களா? 2023 ஜூனிலிருந்து அதன் சாவியை யுஎஸ்பி டோக்கன் மாதிரியான பாதுகாப்பு வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி. செலவுதான், ஆனாலும் வாங்குங்கள்.) முதல் தடவை ஓட்டிய நாள்தான் பிறந்த நாள்.

சோதனைக் காலத்துக்கு இதுதான் சரி என்று ஓர் எண் கிடையாது. கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் 40 நாள் என்று எழுதி வைத்திருக்கிறது, 40 முடிந்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வாங்கச் சொல்லி ஒரு பெட்டி மட்டும் எட்டிப்பார்க்கும். ஒலிப்பதிவு செய்கிறவர்களின் ரீப்பர் 60 நாள். கணக்கு மென்பொருளான டேலியில் உரிமம் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் போனால் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு போடலாம். படிக்கிறவனுக்கு அது போதும், கடைக்காரனுக்குப் போதாது. ஒவ்வொருவரும் தன் வாடிக்கையாளர் எங்கே மாட்டுவார் என்று பார்த்துப் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

---

எண்_விளையாட்டு | 4 நவம்பர், காலை 9.50

நான் பெங்களூரில் தரவுப் பகுப்பாய்வு வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது 8 நாள் இல்லை சார், அந்த 17 பேர்.

சோதனையே பார்க்காமல் 7,500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்களா? ஹார்டுவேர் கடைக்காரர்களா? என் சித்தப்பா கடை வைத்திருக்கிறார், ஒரு டஜன் கீலைக் கூடத் திறந்து மூடிப் பார்க்காமல் வாங்க மாட்டார். யார் சோதனை ஓட்டினார், யார் ஓட்டவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

விளம்பரக் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது. ஜூலை 29-ல் இறக்கியவருக்கு 31-ம் தேதி வயது இரண்டு நாள். அவர் வாங்கவில்லை என்று எழுதுவது, பந்தியில் இன்னும் சாம்பார் சாதத்தில் இருப்பவரைக் காட்டி "இவர் பாயசம் சாப்பிடவில்லை" என்று எழுதுவது மாதிரி. மருத்துவத்தில் இதே சிக்கல் உண்டு: ஆய்வு முடியும் நாளில் நோயாளி உயிரோடு இருக்கிறார், அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதுவது? அதற்குத்தான் கேப்ளான், மையர் என்ற இருவர் 1958-ல் ஒரு வழி சொன்னார்கள். உங்களுக்கு அதன் எளிய வடிவமே போதும். 30-ம் நாளில் எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று பார்க்கும்போது, இறக்கி இன்னும் 30 நாளே ஆகாதவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்கள் தோற்றவர்கள் இல்லை, இன்னும் பரீட்சை எழுதாதவர்கள்.

எக்செல் போதும். ஒரு வரிக்கு ஒரு கடை: இறக்கிய தேதி, முதல் பில் போட்ட தேதி, வாங்கிய தேதி. இறக்கிய மாதத்தை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். ஏப்ரல் கூட்டத்தில் 30 நாளுக்குள் எத்தனை, 60 நாளுக்குள் எத்தனை, 90 நாளுக்குள் எத்தனை. அதேபோல மே, ஜூன். வயது வராத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், சுழியம் போட்டுவிடாதீர்கள். ஜூலையை ஜூனோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே வயதில் நிறுத்தி ஒப்பிடுங்கள். இந்த மாத விற்பனையை இந்த மாத இறக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் மேலே இருப்பவர்கள் வேறு, கீழே இருப்பவர்கள் வேறு.

---

ஆட்டோபே_பிரியன் | 4 நவம்பர், மதியம் 1.05

ப்ரோ, இதெல்லாம் பழைய காலம். மாதச் சந்தாவுக்கு மாறுங்க. சோதனை தொடங்கும்போதே யுபிஐ ஆட்டோபே வாங்கிவிட்டால், 15-ம் நாள் தானாகப் பணம் வந்துவிடும். எப்போ வாங்குவார் என்ற கேள்வியே எழாது.

---

மதுரை_பில்காரன் | 4 நவம்பர், மதியம் 2.20

ப்ரோ, என் வாடிக்கையாளர்கள் சரக்கு வாங்குவதே 60 நாள் கடனுக்கு. பார்ப்பதற்கு முன்னாலேயே அனுமதி கொடு என்றால் ஃபோனை வைத்துவிடுவார்கள். வேறு தொழிலுக்குச் சரியாக இருக்கலாம்.

எண்_விளையாட்டு மேடம், நீங்கள் கேட்டதும் வயிற்றில் புளி கரைத்தது. சோதனைப் பதிப்பு ஓடும்போது ஒரு பதிவு என் சர்வருக்கு வரும். ஆரம்பத்தில் மலிவான சர்வர் வைத்திருந்ததால் இடம் போதாது என்று 30 நாள் ஆன சோதனைப் பதிவுகளை அழிக்க ஒரு நிரல் எழுதி வைத்தேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது பழைய பதிவு இல்லையென்றால் "நேரடி விற்பனை" என்று தானாகக் குறித்துக்கொள்ளும்.

18 நாளுக்கு அப்புறம் ஈ காக்கை இல்லை என்று எழுதினேன். ஒரு மாதம் தாண்டி வந்த காக்கையை எல்லாம் நான்தான் விரட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. இன்றே அந்த 17 பேருக்கும் ஃபோன் போடுகிறேன்.

---

ஆணி_முதல்_அணைக்கட்டு_வரை | 4 நவம்பர், இரவு 9.30

நான் வாங்குகிற பக்கத்து ஆள். பொள்ளாச்சிப் பக்கம் ஹார்டுவேர் கடை, அப்பா காலத்துக் கடை. இந்த இடத்தில் எழுதலாமா தெரியாது, என் தங்கை மகன் காட்டினான். நாங்கள் ஏன் லேட்டாக வாங்குகிறோம் என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் இதேபோல ஒன்றை இறக்கினோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். 15 நாள்தான். திறந்தவுடன் ஐட்டம் எல்லாம் ஏற்று என்றது. எங்கள் கடையில் சுமார் 2,800 ஐட்டம். ஆணி கிலோவில், பைப் அடியில், வயர் மீட்டரில், பெயின்ட் லிட்டரில், தாழ்ப்பாள் எண்ணிக்கையில். ஒவ்வொன்றுக்கும் எச்எஸ்என் நம்பர், அதாவது ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண். பகலில் கடையில் கூட்டம், ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிவிட்டு என் மனைவியும் தங்கை மகளும் உட்கார்ந்து ஏற்றினார்கள். சானிட்டரி பாதி முடியும்போது 15 நாள் முடிந்து பூட்டிக்கொண்டது. ஒரு பில்கூடப் போடவில்லை. ஏற்றினதும் உள்ளே மாட்டிக்கொண்டது. கோபத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பழைய பில் புத்தகத்தையே எடுத்தேன்.

அப்புறம் மூன்று மாதம் கழித்து அதையேதான் பணம் கட்டி வாங்கினேன். ஏன்? ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கு விற்பனைக் கணக்கைக் காட்டும் படிவம்) போட பில் விவரமும் எச்எஸ்என் வாரியாகத் தொகையும் கேட்டார்கள். ஏற்கெனவே பாதி ஐட்டம் ஏற்றியது அதில்தான் கிடக்கிறது, இன்னொன்றில் முதலிலிருந்து யார் ஏற்றுவது?

இப்போது தேதிக் கணக்கைப் பாருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ம் தேதி. நீங்கள் 1-ம் தேதியே ஆரம்பித்தாலும் அந்த மாதக் கணக்கு தாக்கலாவது 41-வது நாள். 2-ம் தேதி இறக்கினால், முழு மாதம் ஒன்றைப் பார்க்க இன்னும் 70 நாள். எங்களை மாதிரி 5 கோடிக்குக் கீழே வியாபாரம் செய்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த தாக்கல் எங்கேயோ இருக்கிறது. உங்கள் 15 நாளில் யாரும் ஒரு தடவைகூட இந்த வேலையைச் செய்து பார்க்க முடியாது. நாங்கள் வாங்குவதோ அந்த வேலைக்காகத்தான்.

இன்னொன்று, ஜூலையில் விளம்பரம் கொடுத்தேன் என்கிறீர்கள். ஜூலை 17-ல் ஆடி பிறந்துவிட்டது தம்பி. ஆடியில் கடைக்குப் புதுசாக எதுவும் ஆரம்பிக்க மாட்டார் என் அப்பா. இறக்கிப் பார்ப்பார்கள், பணம் கட்ட மாட்டார்கள். ஆவணி பிறக்கட்டும் என்பார்கள். அதேபோல ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டு மறுநாள் விஜயதசமியில் புதுக் கணக்கை ஆரம்பிக்கிறவர்கள் நிறைய பேர். ஏப்ரல் 1 எப்படியும் உண்டு. உங்கள் ஊரும் மதுரைதானே, இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

---

அண்ணாநகர்_ஷேர்வேர் | 5 நவம்பர், காலை 6.05

அண்ணே, பதினாறு வருடத்தில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. என் வாடிக்கையாளர்களுக்கு ஆடி கிடையாது, கிறிஸ்துமஸ் உண்டு.

தம்பிக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். இதைப் படித்துவிட்டு ஒரேயடியாக 90 நாள் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை 60 கொடுத்துப் பார்த்தேன். வாங்கினவர்கள் எண்ணிக்கை கூடவில்லை, பணம் வருவது மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போனது. அந்த மாதம் வாடகை கொடுக்கத் திணறினேன். பூட்டு விழுந்தால்தான் சிலர் பர்ஸைத் தொடுவார்கள், அது மனித சுபாவம். எதைப் பூட்டுகிறோம் என்பதுதான் விஷயம். அண்ணன் ஏற்றிய ஐட்டத்தைப் பூட்டியதுதான் அந்தக் கம்பெனி செய்த பாவம். புது பில் போடுவதை நிறுத்துங்கள், ஐட்டம் ஏற்றுவதையும் பழையதைப் பார்ப்பதையும் திறந்து விடுங்கள்.

---

மதுரை_பில்காரன் | 9 நவம்பர், இரவு 11.15

நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். 17 பேரையும் பிடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. ஒருவர் சபரிமலைக்கு மாலை போடும் ஏற்பாட்டில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை கூப்பிடு என்றார்.

சோதனையில் போட்ட பில்கள் வாங்கியபின்னும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதனால் ஒவ்வொருவரிடமும் முதல் பில்லைத் திறந்து தேதியைப் படிக்கச் சொன்னேன். 11 பேருக்குப் பழைய சோதனை பில் இருந்தது. இன்னும் இரண்டு பேர் சோதனையை வீட்டு லேப்டாப்பில் ஓட்டிவிட்டுக் கடைக் கம்ப்யூட்டருக்கு வாங்கியிருக்கிறார்கள். ஒருவரிடம் மகன் இறக்கினான், அப்பா தன் நம்பரிலிருந்து பணம் கட்டினார். உண்மையாகவே நேரடியாக வாங்கியவர்கள் மூன்றே பேர். அதில் இருவர் என் சொந்தக்காரர்கள்.

ஆக 24 இல்லை, 38 பேர். கூடுதலாக வந்த 14 பேரும் ஒரு மாதம் தாண்டியவர்கள், ஒருவர் 167-வது நாள். சராசரி 8-லிருந்து 28 நாளாகிவிட்டது. எல்லாரையும் நாள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் மட்டும் 15-ம் நாளில் நிற்கிறார், அது என் பூட்டு நாள்தான். எட்டாம் நாளில் உண்மையாக வாங்கியவர் யாருமே இல்லை, அண்ணாநகர் சார் கேட்டதற்குப் பதில் இது.

முதல் இரண்டு நாளில் வாங்கிய 9 பேரில் மூன்று பேர் செப்டம்பர் 22 வாரத்தில் வந்தவர்கள். அன்றுதான் சிமென்ட்டுக்கு வரி 28-லிருந்து 18 ஆனது. அவர்களுடைய பழைய மென்பொருளில் விகிதத்தை மாற்ற வழி தெரியாமல், கடையில் ஆள் நிற்கும்போதே இறக்கியிருக்கிறார்கள். எரிகிற வீடும் வாளியும்தான்.

ஜூலைக் கூட்டத்துக்கு வருகிறேன். 71 பேரில் 31-ம் தேதிக்குள் 2 பேர் என்றேன். அக்டோபர் முடிவில் அது 7 ஆகியிருக்கிறது. மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் ஆகஸ்ட் 17-க்குப் பிறகு வந்த முதல் இரண்டு வாரத்தில், அதாவது ஆவணி பிறந்ததும். இன்னொருவர் சரியாக விஜயதசமி அன்று, அக்டோபர் 2. மதுரையில் பிறந்து வளர்ந்துவிட்டு இதைப் பொள்ளாச்சி அண்ணன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 18,000 ரூபாய் விளம்பரத்துக்கு 52,500 வந்திருக்கிறது. நான் அதை ஆகஸ்ட்டில் நிறுத்தினேன்.

7 நாள் யோசனையைக் கைவிட்டேன். இனிமேல் நாள் கணக்கே இல்லை: எந்தத் தேதியில் ஓட்ட ஆரம்பித்தாலும், அடுத்து வரும் முழு மாதத்துக் கணக்கு தாக்கலாகிற 11-ம் தேதி தாண்டி, 15-ம் தேதி புது பில் நிற்கும். ஐட்டம் ஏற்றுவதும் பார்ப்பதும் நிற்காது. சிலருக்கு 45 நாள், சிலருக்கு 75 நாள் வரை வரும். பணம் தள்ளிப் போகும் என்று அண்ணாநகர் சார் சொன்னது பயமாகத்தான் இருக்கிறது, அதனால் ஜனவரி வரைக்கும் தாங்குகிற அளவு கையிருப்பு வைத்துக்கொண்டுதான் மாற்றுகிறேன். ஃபோன் செய்வதை 18-ம் நாளில் நிறுத்தப் போவதில்லை, ஆனால் கண்ட நாளில் கூப்பிடாமல் 8, 9, 10 தேதிகளில் கூப்பிடப் போகிறேன். அப்போதுதான் ஆடிட்டர் அவர்களைக் கூப்பிட்டிருப்பார்.

அந்த அழிக்கும் நிரலை அழித்துவிட்டேன்.

மேடம், ஒரு சந்தேகம். பாதிப் பேருக்குப் பழைய 15 நாள், பாதிப் பேருக்குப் புதியது என்று கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

---

எண்_விளையாட்டு | 10 நவம்பர், காலை 10.10

வேண்டாம் சார். மாதம் 60 பேர் வந்து ஐந்தாறு பேர் வாங்கும் இடத்தில் பாதி பாதியாகப் பிரித்தால் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று வரும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தெளிவாகச் சொல்லும் அளவுக்கு எண்கள் சேர வருடக்கணக்காகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், தேதிகளை ஒழுங்காகக் குறியுங்கள், அடுத்த ஆடியையும் சேர்த்துப் பாருங்கள். வாங்காதவர்களில் பத்துப் பேரிடமும் பேசுங்கள், இதுவரை வாங்கினவர்களிடம் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள்.

---

ஆணி_முதல்_அணைக்கட்டு_வரை | 10 நவம்பர், இரவு 9.45

தம்பி, உங்கள் மென்பொருளில் பைப்பை அடிக் கணக்கிலும் முழு லென்த் கணக்கிலும் ஒரே ஐட்டமாக வைக்க முடியுமா? இப்போது இருப்பதில் இரண்டு ஐட்டமாகப் போட்டு இருப்பு எப்போதும் உதைக்கிறது.

---

மதுரை_பில்காரன் | 10 நவம்பர், இரவு 9.52

முடியும் அண்ணே. ஒரு லென்த்துக்கு இத்தனை அடி என்று ஒரு தடவை கொடுத்துவிட்டால், வெட்டி விற்றாலும் இருப்பு சரியாகக் கழியும்.

---

ஆணி_முதல்_அணைக்கட்டு_வரை | 10 நவம்பர், இரவு 9.58

சரி, இறக்கிப் பார்க்கிறேன். மார்கழி வேறு வருகிறது. தைக்கு முன்னால் ஃபோன் போடாதீர்கள்.